உரியவரிடம் சேர்க்கும் பெட்டி

சுவிட்சு என்றவுடன் விளக்கை ஏற்றவும் அணைக்கவும் சுவரிற் பொருத்திய விசையே நம் நினைவிற்கு வரும். அப்பெயரையே தாங்கிய வேறொரு கருவியும் உண்டு. கணிப்பொறி அறையின் மூலையில், சிறு விளக்குகள் சிமிட்ட, கம்பிகள் பல வந்து கூடும் பெட்டியை மாணவர்களே, நீங்கள் கண்டிருப்பீர்கள். அதுவே வலைப்பின்னல் சுவிட்சு. அதன் இயல்பையும், அதனை வாங்குவோர் அறியவேண்டியவற்றையும் இங்குக் காண்போம்.

கணிப்பொறிகளைக் கம்பியால் இணைக்கும் ‘ஈதர்நெட்’ முறை 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் முதலியோரால் தோன்றியது. தொடக்கத்தில் எல்லாப் பொறிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் வந்த ‘ஹப்’ என்னும் பெட்டியும், ஒரு பொறி அனுப்பிய செய்தியை ஏனைய அனைத்திற்கும் பரப்பியது. அஃது ஊர் நடுவே பறையறைந்து செய்தி சொல்வதை ஒக்கும். ஒருவர்க்குரிய செய்தி எல்லார் காதிலும் விழும். இருவர் ஒருங்கே அறைந்தால் இரண்டும் விளங்கா.

இக்குறையை நீக்கியது சுவிட்சு. 1990 ஆம் ஆண்டளவில், அமெரிக்காவிலிருந்த ‘கல்பனா’ என்னும் நிறுவனம் ஏழு வாய்களையுடைய ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை நிறுவிய இருவருள் ஒருவர் இந்திய மரபினராகிய வினோத் பரத்வாஜ். 1994 இல் சிஸ்கோ அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கியது.

சுவிட்சு எவ்வாறு தொழிற்படுகின்றது? வலைப்பின்னலில் இணையும் பொறி ஒவ்வொன்றிற்கும் 48 பிட்டுகளாலாகிய முகவரி உண்டு. செய்தியின் தலைப்பில் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் இருக்கும். அனுப்புவோர் முகவரியைக் கண்டு, இன்னார் இன்ன வாயில் உள்ளார் எனச் சுவிட்சு தன் அட்டவணையிற் குறித்துக்கொள்ளும். பெறுவோர் முகவரி அட்டவணையில் இருப்பின், அவ்வாய் வழியே மட்டும் செய்தியைச் செலுத்தும். இல்லையேல், செய்தி வந்த வாய் ஒழிந்த பிற வாய்களுக்கெல்லாம் அனுப்பும். ஊருக்குப் புதியராக வந்த அஞ்சற்காரர் முதல் நாள் வீடுதோறும் வினவுவார். பின்னர் நேரே உரிய வீட்டுக்குச் செல்வார். சுவிட்சும் அத்தகையதே.

இனி, வாங்கும் முறையைக் காண்போம். முதலாவது, வாய்களின் எண்ணிக்கை. கடைகளில் இதனைப் ‘போர்ட்’ என்பர். 5, 8, 16, 24, 48 வாய்களையுடைய பெட்டிகள் கிடைக்கின்றன. இணையத்தைக் கொணரும் ரௌட்டருக்கு ஒரு வாய் வேண்டும் என்பதை மறவற்க. 20 கணிப்பொறியும் ஓர் அச்சுப்பொறியும் உள்ள அறைக்கு 22 வாய்கள் தேவை. எனவே 24 வாய்ப் பெட்டி பொருந்தும். வீட்டிற்கு 5 அல்லது 8 போதும்.

இரண்டாவது, வேகம். ஒரு கிகாபைட் அளவுள்ள காணொளி, நொடிக்கு 100 மெகாபிட் வேகத்திற் செல்லக் குறைந்தது 80 நொடியாகும். 1000 மெகாபிட் வேகத்தில் 8 நொடி போதும். சுவிட்சு இணையத்தின் வேகத்தைக் கூட்டாது. ஆனால் குறைக்க வல்லது. 300 மெகாபிட்டுக்குக் கட்டணம் செலுத்துவோர் 100 மெகாபிட் பெட்டியை இடையில் வைத்தால், கொடுத்த பணத்திற் பெரும்பகுதி வீணாகும்.

மூன்றாவது, மின்சாரம். சில சுவிட்சுகள் செய்தி செல்லும் கம்பியிலேயே மின்சாரத்தையும் செலுத்திக் கண்காணிப்புக் கேமராக்களை இயக்கும். அங்கு மொத்த ஆற்றலையும் பார்த்தல் வேண்டும். 10 வாட் வீதம் கொள்ளும் 8 கேமராக்களுக்கு 80 வாட் தேவை. 60 வாட் மட்டும் தரும் பெட்டியில் வாய்கள் எட்டு இருந்தும் பயனில்லை.

நான்காவது, காவல். சில ஆண்டுகளுக்கு முன் யான் சென்றிருந்த பள்ளி ஒன்றில், செய்முறைத் தேர்வு நாளன்று வலைப்பின்னல் முழுவதும் முடங்கிற்று. மாணவர்கள் கண்கலங்கி வெளியே நின்றனர். ஆராய்ந்தபோது, கழன்று கிடந்த கம்பி முனையை யாரோ நல்லெண்ணத்தோடு பெட்டியிற் செருகியிருந்தது தெரிந்தது. அதன் மறுமுனையும் அதே பெட்டியில் இருந்தது! எல்லார்க்கும் எனப் புறப்பட்ட செய்திகள் ஒரு வாயில் வெளியேறி மறுவாயிற் புகுந்து, ஓயாது சுழன்று பெருகி வழியை அடைத்துவிட்டன. கம்பியை நீக்கியதும் யாவும் இயங்கின. இத்தகைய சுழலைக் கண்டு தடுக்கும் முறையை 1985 இல் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார் வகுத்தார். விலை மிகக் குறைந்த எளிய பெட்டிகள் பலவற்றில் இக்காவல் இல்லை. வேண்டியவாறு அமைத்துக்கொள்ளத்தக்க ‘மேனேஜ்டு’ வகையில் இஃது உண்டு. அலுவலகப் பொறிகளை மாணவர் பொறிகளினின்று பிரித்து வைக்கவும் அவ்வகை உதவும். வீட்டிற்கு எளியதே போதும். பலர் கூடிப் பயிலும் இடத்திற்குக் காவலுள்ளதே தக்கது.

ஆதலின், விலையை வினவுமுன் தேவையை எண்ணுக. மிகையாக வாங்குவது பொருட்கேடு. குறைவாக வாங்குவது காரியக்கேடு. அளவறிந்து வாங்கிய சிறு பெட்டி, மூலையில் அமைதியாக இருந்து, உரிய செய்தியை உரியவரிடம் பல்லாண்டு சேர்த்துக்கொண்டிருக்கும்.