எம்டன் நம்மூர்க்காரன் ஆன கதை

“அவங்க அப்பா சரியான எம்டன். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல போனா கதவையே திறக்க மாட்டாரு.” “அந்தக் கணக்குப்பிள்ளை பெரிய எம்டனப்பா, அவர்கிட்ட ஒத்த ரூபா ஏமாத்த முடியாது.” இப்படி ஒரு பேச்சு நம் வீடுகளில் சாதாரணம். கண்டிப்பு, சாமர்த்தியம், கொஞ்சம் பயம், உள்ளுக்குள் ஒரு மரியாதை எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் கப்பலின் பெயர் மனிதருக்குப் பட்டமானது எப்படி? நிதானமாகப் பார்ப்போம்.

ஜெர்மனியின் வடமேற்கில் எம்டன் என்று ஒரு துறைமுக ஊர். அந்த ஊரின் பெயரோடு 1908-இல் கடலில் இறங்கியது இந்தக் கப்பல். 1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது அது கிழக்காசியாவில் இருந்தது. அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அதைத் தன்னந்தனியாக இந்தியப் பெருங்கடலுக்குள் கொண்டுவந்தார். மூன்று புகைபோக்கிகள் இருந்த கப்பலில் நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியை நிறுத்தினார். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் போலவே தெரியும். வங்கக் கடலில் சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. பிடிபட்ட மாலுமிகளை அவர் துன்புறுத்தவில்லை, வேறு கப்பலில் ஏற்றிக் கரைக்கு அனுப்பிவிட்டார். எம்டன் என்ற சொல்லுக்கு நாம் இன்று தரும் பொருள் முழுவதும் முல்லரின் நடத்தையிலேயே இருக்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவு, ஒன்பதரை மணிக்கு மேல், அந்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. ஊரில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் வழக்கம்போல் ஒளிர்ந்தது. எம்டன் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்தன, சில உயிர்களும் போயின. அரை மணி நேரத்துக்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. ஒரு போரின் கணக்கில் இது சிறிய சேதம்தான். ஆனால் இந்தியர்களின் கண்ணெதிரே பிரிட்டிஷ் அரசின் மதிப்பைக் குலைக்க வேண்டும் என்பதே முல்லரின் எண்ணம். அது பலித்தது.

மறுநாளிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை விட்டுச் சொந்த ஊர்களுக்குப் போனார்கள். சொல் பரவிய வழி இதுதான். வானொலி இல்லாத காலம், பத்திரிகை படிப்போரும் குறைவு. ஊர் திரும்பியவர்கள் திண்ணையிலும் சந்தையிலும் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். கேட்டவர்களில் பலர் கடலையே பார்த்திராதவர்கள். கப்பலின் நீளமோ பீரங்கியின் அளவோ அவர்கள் மனத்தில் நிற்கவில்லை. ஒரு பெயரும் ஒரு பயமும் மட்டும் நின்றன.

அந்தப் பெயர் நம் காதுக்கு வாகாகவும் அமைந்திருந்தது. முரடன், திருடன் போல ‘அன்’ என்று முடிவதால் ஓர் ஆளின் பெயராகவே கேட்டது. கூடவே எமனின் சாயல் வேறு. கப்பலிலிருந்து மனிதனுக்கு அது தாவ வேறென்ன வேண்டும்?

ஓசை மட்டும் ஒரு சொல்லை நூறாண்டு வாழவைக்காது. அன்று ஜனங்கள் மனத்தில் இரண்டு உணர்ச்சிகள் இருந்திருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஒன்று, குண்டு நம் தலையில் விழுமோ என்ற பயம். இன்னொன்று, யாராலும் அசைக்க முடியாது என்றிருந்த வெள்ளைக்காரனை அவன் வாசலிலேயே வந்து ஒருவன் அடித்துவிட்டுப் போனானே என்ற வியப்பு. இரண்டாவதை வாய்விட்டுச் சொல்ல முடியாத காலம் அது. அதைச் சொல்லாமல் சொல்ல ஒரு பெயர் தேவைப்பட்டது.

எம்டனின் ஆட்டம் அதிக நாள் நீடிக்கவில்லை. அக்டோபர் 28-இல் பினாங்கில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. நவம்பர் 9-இல் கோக்கோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் அடிபட்டுத் தரைதட்டி நின்றது. மாலுமிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் போரில் தப்பியவர்களுக்கு, தங்கள் குடும்பப் பெயரோடு எம்டன் என்று சேர்த்துக்கொள்ளும் உரிமையைப் பின்னாளில் ஜெர்மனி வழங்கியது. அங்கே அரசு கொடுத்ததை இங்கே நம் மக்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். இலங்கையில் சிங்களத் தாய்மார்கள் பிள்ளைகளைப் பயமுறுத்த இந்தப் பெயரைச் சொன்னதுண்டு. மலையாளத்தில் மிகப் பெரியது என்று பொருள்படும் ‘யமண்டன்’ என்ற சொல்லையும் இந்தக் கப்பலோடு சேர்த்தே சொல்கிறார்கள்.

பெயர் வேரூன்றியதும் அதைச் சுற்றிக் கதைகள் முளைத்தன. விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் வந்தார் என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அவர் அந்தச் சமயத்தில் ஐரோப்பாவில், ஜூரிக் நகரில் அரசியல் பணியில் இருந்தார். ஆனாலும் அந்தக் கதை பொருளற்றதல்ல. எம்டனில் நம் ஆள் ஒருவன் இருந்திருக்க வேண்டும் என்ற ஆசை அதில் தெரிகிறது.

2006-இல் திருமுருகன் இயக்கத்தில் ஒரு படம் வந்தது. கண்டிப்பான அப்பாவாக நாசர், மகனாக பரத். ‘எம்டன் மகன்’ என்றுதான் முதலில் பெயர் வைத்தார்கள். தமிழில் பெயர் வைத்தால் வரிவிலக்கு என்று அரசு அறிவித்திருந்ததால் அது ‘எம் மகன்’ ஆயிற்று. சட்டப்படி சரிதான். ஆனால் தாத்தாவும் அப்பாவும் பேரனும் அகராதி பார்க்காமல் புரிந்துகொள்ளும் ஒரு சொல் தமிழ் இல்லையென்றால் வேறெது தமிழ்? என் தீர்ப்பு, எம்டன் தமிழ்ச் சொல்தான்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அந்த இரவைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். தினமும் புழங்கும் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கும் தெரியட்டும்.