இறுகிப்போன நடு அச்சைக் கழற்றுதல்

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு மக்கள் வெளியேறியபோது மூட்டை முடிச்சுகளையும் பிள்ளைகளையும் சுமந்தது பெரும்பாலும் துவிச்சக்கர வண்டியே. சந்தைக்கு மரக்கறி கொண்டுசெல்லவும் பிள்ளைகள் பாடசாலை போகவும் இன்றும் பல குடும்பங்கள் பழைய வண்டியையே நம்பியுள்ளன. அது நின்றால் அன்றைய உழைப்பும் நின்றுவிடும்.

மழையில் நிற்கும் வண்டியில் ஆசனக் குழாய் வழியே நீர் இறங்கி, பெடல் அச்சு ஓடும் குழாயில் தேங்குகிறது. கிறீஸ் கரைந்து, கறள் பிடித்து, அச்சு இறுகுகிறது. அவசரப்பட்டு உளியால் அடிப்பவர்கள் குழாயின் புரியைச் சிதைத்துவிடுகின்றனர். கப்பைப் புதிதாக வாங்கலாம். புரி போனால் வண்டிச் சட்டமே வீணாகிவிடும்.

முதலில் கொட்டர் பின்னைக் கழற்றுவோம். நட்டை முழுவதும் எடுக்காமல், பின்னின் நுனியோடு சமமாக நிற்கும்வரை தளர்த்த வேண்டும். பின்னின் தலை உள்ளே இறங்கக்கூடிய இரும்புக் குழாயொன்றை நிலத்தில் ஊன்றி, கிராங்குக்கு முட்டுக்கொடுத்து, சுத்தியலால் ஒரே பலமான அடி அடிக்க வேண்டும். முட்டு இல்லாவிடில் அடி முழுவதும் கப்பிலும் போல்சிலும் இறங்கும்.

அடுத்து இடப்பக்கம். வெளி வளையத்தையும் பின்னர் கப்பையும் இடப்புறமாகச் சுழற்றிக் கழற்றலாம். கீழே துணி விரித்தால் போல்ஸ் சிதறாது. அச்சை வெளியே எடுத்து, வலது கப்பை உள்ளிருந்து துடைத்துப் பாருங்கள். போல்ஸ் ஓடும் பாதை பள்ளமின்றி வழவழப்பாக இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். அப்படியே விடுவதே நல்லது.

பள்ளம் விழுந்திருந்தால் கழற்றத்தான் வேண்டும். இங்கேதான் பலர் தவறுகின்றனர். ஆங்கிலேய முறையில் செய்த வண்டிகளில் செயின் பக்கத்துக் கப்புக்கு இடப்புரி உண்டு. மிதிக்க மிதிக்கத் தளராதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆகவே அப்பக்கம் நின்று பார்க்கையில் மணிக்கூட்டு முள் ஓடும் திசையில் சுழற்றினால்தான் அது கழலும். மறுதிசையில் பலம் காட்டினால் மேலும் இறுகும்.

மண்ணெண்ணெயுடன் சிறிது என்ஜின் எண்ணெய் கலந்து, புரியில் உள்ளும் புறமும் பலமுறை விட்டு, ஓரிரவு ஊறவிடுங்கள். மறுநாள் குழாயின்மேல் கொதிநீர் ஊற்றிச் சூடாக்கலாம். மண்ணெண்ணெய் பட்ட இடத்தில் நெருப்புக் காட்டக் கூடாது.

அப்போதும் அசையாவிடில், கப்பின் துளைக்குள் நுழையும் தடித்த போல்ட் ஒன்றை உள்ளிருந்து செலுத்தி, இருபுறமும் வாசர் போட்டு, வெளியே நட்டைப் பூட்டுங்கள். போல்ட்டின் தலையை உள்ளே பிடித்துக்கொண்டு நட்டை நன்றாக இறுக்கியபின், தலையை விட்டுவிட்டு நட்டை அதே திசையில் நீண்ட சாவியால் மேலும் சுழற்றுங்கள். நட்டு இறுகும் திசையும் கப் கழலும் திசையும் ஒன்றே. ஆதலால் கப் நட்டுடன் சேர்ந்து திரும்பிவரும்.

புதிய கப் வாங்கும்போது பழையதைக் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். பழைய றலி வண்டிகளில் அங்குலத்துக்கு 26 புரி. ஏனைய பலவற்றில் 24. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. பூட்டும்போது புரிக்குக் கிறீஸ் பூசி, பக்கத்துக்கு வழக்கமாக 11 கால் அங்குலப் போல்ஸ் வைத்து, அச்சு ஆட்டமின்றி இலகுவாகச் சுழலும் அளவுக்கு இடது கப்பைப் பூட்டி, வளையத்தை இறுக்குங்கள்.

போல்ட்டும் நட்டும் சாவியும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கத் தேவையில்லை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கி வைத்தால் பத்து வண்டிகளும் ஓடும். பிறர் கையை எதிர்பாராது நாமே திருத்தப் பழகுவதும் எழுந்து நிற்பதன் ஒரு படிதான்.