வெற்றியே பகையாகும் ரோம்

கி.மு. 270. இத்தாலி ரோமின் பிடிக்குள் வந்துவிட்டது. கடலுக்கு அப்பால், வட ஆப்பிரிக்காவில், அதன் போட்டி அரசான கார்த்தேஜ் வலுவாக நிற்கிறது. ‘ரோம்: டோட்டல் வார்’ என்ற கணினி விளையாட்டு தொடங்குவது இந்த ஆண்டில்தான். இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கி 2004-ல் வெளிவந்த இதற்கு, 2021-ல் மெருகேற்றிய பதிப்பும் வந்தது. போர் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. ஒரு குடியரசு எப்படிச் சரிந்தது என்பதை ஆடுபவருக்கே உணரவைப்பதில்தான் இதன் பெருமை இருக்கிறது.

மூன்று ரோமானியக் குடும்பங்களில் ஒன்று நம் பொறுப்பில் வரும். வரைபடத்தில் ஒவ்வொரு முறையும் அரை ஆண்டு நகரும். நகரங்களை ஆள வேண்டும், வரி வாங்க வேண்டும், படை திரட்ட வேண்டும். திரட்டிய வீரர்களின் அளவுக்கு ஊரின் மக்கள்தொகை குறைந்துவிடும்.

களத்தில் வெற்றியை முடிவு செய்வது வீரர்களின் மன உறுதி. காலாட்படை எதிரியை முன்னால் பிடித்து நிறுத்த, குதிரைப்படை சுற்றிவந்து முதுகில் பாய்ந்தால், பெரிய படையும் சிதறி ஓடும். கி.மு. 216-ல் கன்னே போரில் தன் படையைவிடப் பெரிய ரோமானியப் படையைக் கார்த்தேஜ் தளபதி ஹனிபால் சூழ்ந்து அழித்தது எப்படி என்பது அப்போது விளங்கும்.

ஆட்டத்தின் உச்சம் அதற்குப் பிறகுதான். தொடக்கத்தில் ரோமின் ஆட்சி மன்றமான செனட் நமக்குக் கட்டளையிடும், பரிசும் கொடுக்கும். நாடுகள் நம் வசமாகி, மக்கள் ஆதரவு பெருகப் பெருக அதற்கு அச்சம் வரும். கடைசியில் குடும்பத் தலைவர் தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்றே ஆணையிடும். பணிய மறுத்தால் உள்நாட்டுப் போர். வரலாற்றிலும், தளபதியையே நம்பி வாழ்ந்த படைகளோடு கி.மு. 88-ல் ரோமானியத் தளபதி சுல்லா ரோம் மீதே படையெடுத்தார், கி.மு. 49-ல் சீசர் படையோடு ரூபிகான் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கினார்.

பிழைகளும் உண்டு. அன்றைய எகிப்தை ஆண்ட தாலமிகள் மாசிடோனிய வழியினர். அவர்கள் படையின் முதுகெலும்பு நீள ஈட்டி ஏந்திய காலாட்படை. விளையாட்டோ பல நூற்றாண்டு முந்தைய பாரோக்களின் படையைக் காட்டுகிறது. இதைச் சகிக்காத ஆர்வலர்கள் ‘யூரோப்பா பார்பரோரம்’ என்ற திருத்த வடிவத்தை உருவாக்கி இலவசமாகவே தந்தார்கள்.

பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடினால், பக்கத்தில் ஒரு ரோம் வரலாற்று நூலையும் வையுங்கள். அயல்நாடுகளை வென்ற படையே சொந்தக் குடியரசையும் வீழ்த்தியது ஏன் என்ற கேள்வி அவர்களுக்குத் தானாக எழும். விடை தேடிப் படிக்கவும் தோன்றும்.