ஃப்ரீ விசா என்று ஒரு விசா இல்லை

மூதூர் லோஞ்சிலும் கிண்ணியாப் பாலத்தடித் தேநீர்க்கடையிலும் இதே பேச்சுத்தான். "மச்சான் ஃப்ரீ விசா எடுத்துத் தாறானாம். போய் இறங்கினால் விரும்பின இடத்தில் வேலை செய்யலாம்." கொஞ்ச மாதத்தில் அந்த வீட்டில் மிஞ்சுவது நகை அடகுச் சீட்டு.

வளைகுடாவில் அப்படியொரு விசாவே கிடையாது. யாரோ ஒரு கபீலிடம், அதாவது விசாவுக்குப் பொறுப்பான முதலாளியிடம், வேலை செய்வதாக எழுதி எடுத்த வேலை விசாதான் அது. சவூதித் தொழிற்சட்டத்தின் 39ஆம் பிரிவு, முறையான நடைமுறை இன்றிப் பிறரிடம் வேலை செய்வதற்கும் சொந்தக் கணக்கில் தொழில் பார்ப்பதற்கும் இடம் தரவில்லை. வெளியில் வேலை செய்ய விடுவதற்குக் கபீல் கேட்கும் காசு பிந்தினால் "ஹுரூப்" போட்டுவிடுவார். ஓடிப்போனவன் என்று பதிவாகும். வேலை வாங்கிய கடைக்காரன் சம்பளம் தராவிட்டாலும் முறையிட வழியில்லை. கைக்காசுக்கு ஏது அத்தாட்சி? முறையிடப் போனால் முதலில் பிடிபடுவது நீங்கள்.

சட்டப்படி தனித்தொழில் செய்ய அமீரகத்தில் வழி உண்டு. அங்குள்ள பச்சை விசாவுக்குத் தொழில் அமைச்சின் தனித்தொழில் அனுமதியும், பட்டமோ சிறப்பு டிப்ளோமாவோ, போதிய வருமானச் சான்றும் வேண்டும். மச்சான் சொல்வது இதுதானா என்று கேட்டுப் பாருங்கள்.

காசு கொடுக்க முன் உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். "ஐயா களப்பணிக்குப் போயிருக்கிறார்" என்று ஒரு நாள் சொல்வார்கள், மறுநாளும் சொல்வார்கள். எந்த நாளில் கதிரையில் இருப்பார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தை அழையுங்கள். இரண்டு கேள்வி போதும்: விசா எடுத்துத் தரும் ஏஜென்சியின் உரிமம் நடப்பில் உள்ளதா? இந்த வேலைக்குப் பணியகம் அனுமதி கொடுத்திருக்கிறதா? உரிமம் மட்டும் இருந்தால் போதாது. பலர் சறுக்குவது இரண்டாவதில்தான்.

விசாவிலும் ஒப்பந்தத்திலும் முதலாளியின் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். புறப்பட முன் பணியகத்தில் பதியுங்கள். காப்புறுதி அந்தப் பதிவோடுதான் வருகிறது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பவனை நம்பாதீர்கள். திரும்பவும் சொல்கிறேன், பதியாமல் விமானம் ஏறாதீர்கள்.

காசு ஏற்கெனவே போய்விட்டதா? உரிமமின்றி வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். சொந்தக்காரன் என்று பார்த்துக்கொண்டிராமல் பணியகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். வங்கிச் சிட்டையை இணையுங்கள். காசு வாங்கியவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவுகளை மட்டும் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.