கருத்தரிக்க ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை... கைகொடுக்குமா?

கல்யாணமாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டால் போதும், 'என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?' என்று கேட்க ஊரே வரிசையில் நிற்கும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல பெண்கள் 'கருமுட்டையின் தரம் கூடும்' என்று விளம்பரப்படுத்தப்படும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளை ஆன்லைனில் தாங்களே வாங்கிச் சாப்பிடுகிறார்கள். கோஎன்சைம் க்யூ10, வைட்டமின் ஈ, மெலடோனின் என்று பட்டியல் நீளம். பில்லும்தான்!

நம் செல்கள் ஆற்றலை உருவாக்கும்போது 'ஃப்ரீ ராடிக்கல்ஸ்' உண்டாகின்றன. இவை அளவு மீறினால் கருமுட்டை பாதிக்கப்படலாம். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரைகள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதற்கே கொஞ்சம் ஃப்ரீ ராடிக்கல்ஸ் தேவை. அதனால், 'எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது' என்ற கணக்கு இங்கே செல்லாது.

சரி, பலன் உண்டா? 63 ஆய்வுகள், 7,760 பெண்கள்... இத்தனையையும் அலசிய காக்ரேன் அமைப்பின் 2020 அறிக்கை, குழந்தைப் பிறப்பு சற்றுக் கூடலாம் என்கிறது. உடனே சந்தோஷப்பட வேண்டாம். நம்பகம் குறைந்த ஆய்வுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது, அந்தப் பலனுக்கு உறுதியான ஆதாரம் இல்லை.

விளம்பரமே இல்லாத ஒரு மாத்திரைக்கு ஆதாரம் பலமாக இருக்கிறது. அது ஃபோலிக் ஆசிட். கருத்தரிக்க முயலும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்க வேண்டும். குழந்தையின் மூளை, தண்டுவடத்துக்கான நரம்புக்குழாய் முதல் நான்கு வாரங்களிலேயே மூடிவிடும். பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. நாள் தள்ளிய பிறகு ஆரம்பித்தால் தாமதம்தான்.

வைட்டமின் ஏ விஷயத்தில் உஷார். ரெட்டினால் வடிவில் அளவுக்கு மிஞ்சினால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். இரண்டு, மூன்று சத்து மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் லேபிளைக் கூட்டிப் பாருங்கள்.

மாத்திரைகளைவிட விலை அதிகம், காலத்துக்கு. 'இந்த பாட்டில் முடியட்டும்' என்று மாதங்களை ஓட்டாதீர்கள். ஒரு வருட முயற்சிக்குப் பிறகும், 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயும், டாக்டரைப் பார்க்கலாம். கணவரும் கூடவே போகட்டும். குழந்தையின்மையில் கிட்டத்தட்ட பாதிக்கு ஆண் தரப்பிலும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனை எளிதானது. அதைச் செய்யாமல் மனைவிக்கு மட்டும் மாத்திரையாக வாங்கிக் கொடுப்பதில் என்ன நியாயம்?

வீட்டில் இருக்கும் மாத்திரை பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முடி வளர பயோட்டின் சாப்பிடுபவர்கள், ரத்தம் கொடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். தைராய்டு, ஹார்மோன் ரிசல்ட்டை அது தப்பாகக் காட்டிவிடும்.