பேசியது ரூ.50 ஆயிரம்... மிஞ்சுவது ரூ.42 ஆயிரம்! வெப்சைட் வேலை எடுக்கும் இளைஞர்களே உஷார்

திருப்பூர்,

பனியன் நகரமான திருப்பூரில் 'பீஸ் ரேட்' என்றால் சின்ன பிள்ளைக்கும் தெரியும். ஒரு பீசுக்கு இவ்வளவு, ஒரு டஜனுக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டுத்தான் டெய்லர் மெஷினில் உட்காருவார்.

ஆனால் அதே வீட்டில் கம்ப்யூட்டர் படிப்பு படித்துவிட்டு, கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கும் மகனும் மகளும் கூலி பேசும் இடத்தில் கோட்டை விட்டு விடுகிறார்கள். ராத்திரி பகலாக கண் விழித்து வேலை பார்த்த பிறகு, "வரி வேற கட்டணுமாமே" என்று ஆடிட்டர் ஆபீசில் தலையில் கை வைத்து உட்கார வேண்டியதாகிறது.

கூலி எவ்வளவு கேட்பது? கடைத்தெருவில் இன்னும் 'சேல்ஸ் டாக்ஸ்' என்று சொல்கிறார்களே, அது யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை? விவரம் வருமாறு:-

"பார்த்து போட்டு கொடுங்க தம்பி"

வெப்சைட் வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி எதுவும் கிடையாது. பார்ட்டி முதலில் கேட்பது, "பக்கத்து கம்பெனிக்கு எவ்வளவுக்கு செஞ்சீங்க?" என்பதுதான். அடுத்தது, "பார்த்து போட்டு கொடுங்க தம்பி, இன்னும் நாலு பார்ட்டி பிடிச்சு தர்றேன்" என்பது.

இந்த பேச்சில் மயங்கி 5 ஆயிரத்துக்கும் 6 ஆயிரத்துக்கும் வேலை எடுப்பவர்கள் உண்டு. கொத்தனார், பெயிண்டர், டெய்லர் யாரும் வீட்டு செலவை கணக்கு பார்க்காமல் கூலி சொல்வது இல்லை. கம்ப்யூட்டர் வேலைக்கும் அதே கணக்குதான்.

கூலி கணக்கு இதோ

உதாரணத்துக்கு, ஒருவருக்கு வீட்டு செலவு மாதம் ரூ.25 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

தொழில் செலவு தனி. இன்டர்நெட் ரூ.1,000, கரண்ட் பில்லில் தொழிலுக்கான பங்கு ரூ.1,500, போன், பெட்ரோல் ரூ.1,250. ரூ.60 ஆயிரத்துக்கு வாங்கிய கம்ப்யூட்டர் 4 வருடம் உழைக்கும் என்றால் அதன் தேய்மானம் மாதம் ரூ.1,250. ஆக தொழில் செலவு ரூ.5 ஆயிரம்.

தினக்கூலிக்கு போனால் வேலை இல்லாத நாளில் சம்பளம் இல்லை. இதுவும் அப்படித்தான். காய்ச்சல் வந்து படுத்தாலும், தீபாவளி மாதத்தில் பார்ட்டி கிடைக்காவிட்டாலும் அடுப்பு எரிய வேண்டும். அதற்கு மாதம் ரூ.5 ஆயிரம் ஒதுக்க வேண்டும். சேமிப்புக்கு இன்னொரு ரூ.5 ஆயிரம். மொத்தம் ரூ.40 ஆயிரம்.

இப்போது வேலை நேரத்தை பார்ப்போம். மாதம் 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி நேரம். இதில் பார்ட்டியை பார்க்க போவது, போன் பேசுவது, பணம் கேட்டு அலைவது, புதுசு கற்றுக்கொள்வது எல்லாம் சேர்ந்து பாதி போய்விடும். காசு கிடைக்கும் நேரம் 100 மணி நேரம்தான்.

ரூ.40 ஆயிரத்தை 100 மணியால் வகுத்தால் ஒரு மணிக்கு ரூ.400. இதற்கு கீழே போனால் கைக்காசு போட்டு அடுத்தவர் கம்பெனிக்கு வேலை பார்ப்பதாக அர்த்தம்.

ஒரு வெப்சைட்டுக்கு 60 மணி நேரம் ஆகும் என்றால் ரூ.24 ஆயிரம். "அந்த கலர் மாத்துங்க, இந்த போட்டோ மாத்துங்க" என்று வரும் திருத்த வேலைக்கு 15 மணி நேரம் சேர்த்தால் ரூ.6 ஆயிரம். ஆக ரூ.30 ஆயிரம் கேட்க வேண்டும். பேரம் பேசி குறைப்பது என்றால், ரேட்டை குறைக்காமல் வேலையை குறைக்க வேண்டும். 10 பக்கத்துக்கு பதில் 6 பக்கம் என்று பேசலாம்.

எத்தனை பக்கம், எத்தனை முறை இலவச திருத்தம், போட்டோவும் விவரமும் யார் தருவது, முடித்து கொடுக்க எத்தனை நாள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. வாய்ப்பேச்சு கடைசியில் வம்பில்தான் போய் நிற்கும்.

பொருளா? சேவையா?

அடுத்தது வரி சமாச்சாரம். பொருள் விற்றால் விற்பனை வரி, வேலை செய்து கொடுத்தால் சேவை வரி என்று முன்பு இரண்டு வரிகள் இருந்தன. சேவை வரி 1994-ம் ஆண்டு வந்தது. சி.டி.யில் பதிந்து கடையில் விற்கும் சாப்ட்வேர், சோப்பு சீப்பு போல ஒரு பொருள்தான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று 2004-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது.

2017-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. சாப்ட்வேர் வடிவமைப்பது, எழுதுவது, மாற்றி அமைப்பது எல்லாம் 'சேவை' என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். வெப்சைட் வேலையும் இதில் அடங்கும். இதற்கு வரி 18 சதவீதம்.

ரூ.20 லட்சம் வரை பயம் வேண்டாம்

18 சதவீதம் என்றதும் பதற வேண்டாம். தமிழ்நாட்டில் சேவை தொழில் செய்பவருக்கு ஒரு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் முதல் மார்ச் வரை, மொத்த வரவு ரூ.20 லட்சத்தை தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். மாத கணக்கில் பார்த்தால் இது சுமார் ரூ.1 லட்சத்து 66 ஆயிரம்.

மேலே சொன்ன உதாரணத்தில் மாதம் ரூ.40 ஆயிரம், வருடத்துக்கு ரூ.4 லட்சத்து 80 ஆயிரம்தான். அவருக்கு பதிவு தேவை இல்லை. கர்நாடகா, கேரளா பார்ட்டிக்கு சேவை செய்தாலும் இதே ரூ.20 லட்சம் வரம்புதான். 2017 அக்டோபரில் இந்த சலுகை அறிவிக்கப்பட்டது.

ஆனால் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். இந்த ரூ.20 லட்சம் லாபம் அல்ல, செலவு கழிக்காத மொத்த வரவு. அதுவும் ஒரு பான் கார்டில் நடக்கும் எல்லா தொழிலும் சேர்த்து. பகலில் ஜெராக்ஸ் கடை, ராத்திரியில் வெப்சைட் என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். வெளிநாட்டு வரவையும் சேர்க்க வேண்டும். பார்ட்டிக்காக டொமைன், ஹோஸ்டிங் வாங்கி உங்கள் பில்லில் சேர்த்து போட்டால், பொதுவாக அந்த தொகையும் உங்கள் வரவாகத்தான் கணக்காகும். அதனால் அவற்றை பார்ட்டி பெயரிலேயே, பார்ட்டி பணத்திலேயே வாங்க சொல்வது புத்திசாலித்தனம். வரம்பை தாண்டினால் 30 நாட்களுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

நம்பர் இல்லாமல் வரி வாங்கினால்...

பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு பைசா கூட வாங்கக்கூடாது. வாங்கிய வரியை அரசுக்கு கட்டாமல் வைத்துக்கொண்டால் குறைந்தது ரூ.10 ஆயிரம் அபராதம் வரும்.

"ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால்தான் வேலை" என்று சில கம்பெனிகள் சொல்வது உண்டு. பதிவு இல்லாதவரிடம் வேலை கொடுக்கக்கூடாது என்று சட்டத்தில் இல்லை. வரியே போடாத பில் என்பதால் அவர்களுக்கு நஷ்டமும் இல்லை. 'ஜி.எஸ்.டி. பதிவு இல்லை' என்று எழுதி சாதாரண பில் கொடுக்கலாம்.

விரும்பினால் வரம்புக்கு கீழே இருந்தும் பதிவு செய்யலாம். ஆனால் அன்று முதல் ஒவ்வொரு பில்லுக்கும் வரி உண்டு. வேலையே இல்லாத மாதத்துக்கும் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால், வரவே இல்லாவிட்டாலும் நாளுக்கு ரூ.20 வீதம் தாமத கட்டணம் ஏறும். ஒரே ஒரு பார்ட்டி கேட்டார் என்பதற்காக அவசரப்பட்டு நம்பர் வாங்குவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

'வரி தனி' - இரண்டே வார்த்தை

பதிவு செய்தவர்கள் ஏமாறும் இடம் இதுதான். "மொத்தம் 50 ஆயிரம்" என்று பேசி முடித்து விடுகிறார்கள். பில் போடும்போது ரூ.9 ஆயிரம் சேர்த்தால், "என்னங்க தம்பி, பேசுனது 50 ஆயிரந்தானே, இது என்ன புதுசா 9 ஆயிரம்?" என்று பார்ட்டி கேட்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

வரி தனி என்று சொல்லாவிட்டால் அந்த 50 ஆயிரத்துக்குள்ளேயே வரி அடங்கி இருப்பதாக கணக்கு. ரூ.50 ஆயிரத்தில் ரூ.7,627 வரியாக போய்விடும். மிஞ்சுவது ரூ.42,373. மணிக்கு ரூ.400 என்று கணக்கு போட்டவருக்கு ரூ.339 கூட விழாது.

அதனால் ரேட் சொல்லும்போதே "50 ஆயிரம், வரி தனி" என்று சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். பில் ரூ.59 ஆயிரம். எக்ஸ்போர்ட் கம்பெனி போல ஜி.எஸ்.டி. பதிவு உள்ள பார்ட்டி என்றால், அந்த ரூ.9 ஆயிரத்தை பொதுவாக தன் வரி கணக்கில் கழித்துக்கொள்ளலாம். இதை எடுத்து சொன்னால் பாதி சண்டை தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சின்ன கடைக்காரர்கள் அப்படி கழிக்க முடியாது. அவர்களுக்கு 18 சதவீதமும் கைச்செலவு. பேசும்போது அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டு பார்ட்டி என்றால் மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று பில்லில் பிரித்து காட்ட வேண்டும். வெளிமாநிலம் என்றால் 18 சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி. என்று ஒரே வரியாக போட வேண்டும்.

முந்தைய நிதியாண்டில் ரூ.50 லட்சம் வரை வரவு உள்ள சேவை தொழிலுக்கு 6 சதவீத 'காம்போசிஷன்' திட்டமும் இருக்கிறது. ஆனால் அந்த 6 சதவீதத்தை பார்ட்டியிடம் தனியாக கேட்க முடியாது. வெளிமாநில வேலையும் எடுக்க முடியாது.

பில் போட்டாலே வரி

இது இன்னொரு பள்ளம். பார்ட்டி பணம் கொடுத்த பிறகுதான் வரி என்று நினைப்பது தவறு. பில் போட்டாலே வரி வந்துவிடும். மாதம்தோறும் கணக்கு தாக்கல் செய்பவர் அடுத்த மாதம் 20-ந்தேதிக்குள் கட்ட வேண்டும். தாமதம் ஆனால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. பார்ட்டி ஏமாற்றிவிட்டார் என்பதை காரணமாக சொல்லி, கட்டிய வரியை திரும்ப கேட்கவும் முடியாது.

அட்வான்சுக்கும் வரி உண்டு. ரூ.59 ஆயிரம் வேலைக்கு ரூ.29,500 அட்வான்ஸ் வாங்கினால், அதில் ரூ.4,500 உங்கள் பணம் அல்ல, அரசு பணம். அதை செலவு செய்யாமல் தனியாக எடுத்து வைப்பது நல்லது.

வேலையை கட்டம் கட்டமாக பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பில், ஒரு தவணை என்று பேசிக்கொண்டால் அடி குறைவாக விழும். கடைசி தவணை வந்த பிறகே வெப்சைட்டை பார்ட்டியின் சர்வரில் ஏற்றுவது என்றும் முதலிலேயே எழுதிக்கொள்ளலாம்.

வெளிநாட்டு பார்ட்டி

துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா பார்ட்டிக்கு வேலை செய்து, பணம் வெளிநாட்டு கரன்சியாக பேங்குக்கு வந்தால் அது ஏற்றுமதி. ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் 'எல்.யு.டி.' என்ற உறுதிமொழி கடிதத்தை ஆன்லைனில் கொடுத்துவிட்டால், வரி கட்டாமலேயே பில் போடலாம். இதற்கு கட்டணம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதுசாக கொடுக்க வேண்டும்.

பிடித்தம் வேறு, வரி வேறு

சில கம்பெனிகள் பில் தொகையில் ஒரு பகுதியை 'டி.டி.எஸ்.' என்று பிடித்துக்கொண்டு மீதியை தரும். இது ஜி.எஸ்.டி. அல்ல, உங்கள் வருமான வரிக்கு முன்கூட்டியே பிடிப்பது. பில்லில் ஜி.எஸ்.டி.யை தனியாக காட்டினால், வரி சேர்க்காத தொகையில்தான் இந்த பிடித்தம் போட வேண்டும். வருமான வரி கணக்கு தாக்கல் செய்யும்போது இதை கழித்துக்கொள்ளலாம், கூடுதலாக பிடித்திருந்தால் திரும்ப பெறலாம். பான் நம்பர் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதமாக ஏறிவிடும்.

இழுத்தடிக்கும் பார்ட்டிக்கு...

"அடுத்த வாரம் வாங்க தம்பி" என்று மாத கணக்கில் அலையவிடும் பார்ட்டிக்கும் சட்டம் இருக்கிறது. மத்திய அரசின் 'உத்யம்' இணையதளத்தில் குறுந்தொழில் என்று இலவசமாக பதிவு செய்யலாம். ஆதார், பான் போதும். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு செய்து வைப்பது நல்லது.

2006-ம் ஆண்டு சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில் செய்பவருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். எழுத்தில் கெடு எதுவும் பேசாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் 'பேங்க் ரேட்'டை போல 3 மடங்கு, வட்டிக்கு வட்டி சேர்த்து கேட்கலாம். இதற்கென்று உள்ள கவுன்சிலில் மனு கொடுக்கலாம். பில்லில் உத்யம் நம்பரை போட்டாலே சில பார்ட்டிகள் சீக்கிரம் செக் கொடுத்து விடுவார்கள்.

பேப்பரில் இருக்க வேண்டியவை

வேலை எடுக்கும் முன் ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதும். என்ன வேலை, எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், எவ்வளவு தொகை, வரி தனியா இல்லை பதிவு இல்லையா, அட்வான்ஸ் எவ்வளவு, மீதி எப்போது என்று எழுதி, பார்ட்டியிடம் ஒரு கையெழுத்து அல்லது இ-மெயிலில் 'சரி' என்று ஒரு பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய தொகை வேலை என்றாலோ, வருட வரவு ரூ.20 லட்சத்தை நெருங்கினாலோ ஆடிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. பில் போட்ட பிறகு பார்ப்பதை விட, ரேட் பேசுவதற்கு முன் பார்ப்பதுதான் லாபம்.