சார்னோக் வீட்டுப் பெண்கள்

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக் கொல்கத்தாவை நிறுவியவர் அல்லர், அந்நகருக்குப் பிறந்தநாளும் கிடையாது என்று கொல்கத்தா உயர்நீதிமன்றம் 2003-ல் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது சபர்ண ராய் சௌத்ரி என்னும் பழைய ஜமீன் குடும்பத்தார். பின்னாளில் கொல்கத்தாவாக மாறிய சுதானுட்டி, கோவிந்தபூர், கலிகாதா என்ற மூன்று கிராமங்களின் உரிமையை 1698-ல் 1,300 ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தவர்கள் அவர்கள்தாம். கம்பெனி தரப்பில் அதை முடித்தவர் சார்ல்ஸ் அயர், சார்னோக்கின் மருமகன். மாமனார் நிறுவாத ஊரை மருமகன் பத்திரம் போட்டு வாங்கியிருக்கிறார்!

இந்த வீட்டின் வம்சாவளியைத் தேடுகிறவர் சென்னைக்கும் வர வேண்டும். முகலாயரோடு மூண்ட சண்டையால் வங்காளத்தை விட்டு வெளியேறிய சார்னோக், 1689-ல் சென்னை வந்து சேர்ந்தார். அவருடைய மகள்கள் மேரி, எலிசபெத், கேத்தரின் மூவருக்கும் அந்த ஆண்டுதான் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது.

தேதிகளில் ஒரு பொறி உண்டு. சார்னோக் இறந்தது 1692 ஜனவரி 10 என்கிறது கொல்கத்தாவிலுள்ள அவர் கல்லறை. நம் கணக்கில் அது 1693. ஆங்கிலேயருக்கு 1751 வரை புத்தாண்டு மார்ச் 25-ல்தான் பிறந்தது. இது தெரியாமல் 1692 டிசம்பரில் அவர் எழுதிய கடிதம் ஒன்றைப் பார்த்தால், செத்து பதினோரு மாதம் கழித்து எழுதியதாகத் தோன்றும்.

கல்லறைக் கல்லே சென்னைச் சரக்கு. வங்காளத்து வண்டல் மண்ணில் அப்படிப்பட்ட பாறைக்கு எங்கே போவது? நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-ல் அதை ஆராய்ந்து, பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறை என்று கண்டு, 'சார்னோக்கைட்' எனப் பெயரிட்டார். பூமியின் ஆழத்தில், நீர்ப்பசை இல்லாத கடும் வெப்பத்தில் உருவாகும் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இதன் அடையாளம். சென்னைப் பாறையின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு.

அந்தக் கல்லில் மகள்களின் தாய்க்கு இடமில்லை. பாட்னா நாள்களில் சார்னோக்கோடு சேர்ந்து வாழத் தொடங்கிய இந்துப் பெண் அவர். உடன்கட்டைத் தீயிலிருந்து சார்னோக் மீட்டுவந்தார் என்ற கதை மட்டும் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. மரபியல் கணக்கு வேறு. தந்தையின் ஒய் குரோமோசோம் மகனுக்கு மட்டுமே போகும், மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. தாயிடமிருந்தே வரும். ஆகவே சார்னோக்கின் ஒய் அந்த மூன்று பெண்களிடம் வந்து சேரவே இல்லை. அவர்களுடைய மகள், மகளின் மகள் என்று பெண்வழி எங்காவது அறுபடாமல் ஓடிக்கொண்டிருந்தால், அதில் கடந்துவருவது அந்த பாட்னாக்காரியின் மைட்டோகாண்ட்ரியாதான்.